17(பி) வந்துவிட்டது, நேராக உயர் நீதிமன்றம் போகலாமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன். வட்டாட்சியர் அலுவலகத்தில் உதவியாளராக இருக்கிறீர்கள். பட்டா மாறுதல் கோப்பு ஒன்று காணாமல் போனதற்கு நீங்கள்தான் பொறுப்பு என்று நான்கு மாதங்களுக்கு முன் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். போன வாரம் 17(பி), அதாவது பெருந்தண்டனைக்கான ஒழுங்கு விதியின் கீழ், குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்திருக்கிறது, 15 நாளில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். இதற்கிடையே பதவி உயர்வுப் பட்டியலில் உங்கள் பெயரைத் தாண்டிப் போய்விட்டார்கள். விளக்கமே எழுதாமல் உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கிவிடலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள், அது சரியா?

சரியில்லை. முதலில் விளக்கத்தை எழுதுங்கள்.

குற்றச்சாட்டுக் குறிப்பாணை என்பது தண்டனை அல்ல. அதனால் உங்கள் உரிமை எதுவும் இன்னும் பறிபோகவில்லை என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். குனிசெட்டி சத்தியநாராயணா வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: குறிப்பாணையை எதிர்த்து வரும் ரிட் மனுவை (அரசின் ஆணையை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் நேரடியாகப் போடும் மனுவை) சாதாரணமாக ஏற்கக் கூடாது. சில விலக்குகள் உண்டு. அதிகாரமே இல்லாதவர் குறிப்பாணை பிறப்பித்திருக்கலாம். பிறப்பிக்க வேண்டியவரின் ஒப்புதல் இல்லாமல் அது வெளிவந்திருக்கலாம். அல்லது பல ஆண்டுகள் தூங்கிவிட்டுத் திடீரென்று எழுப்பியிருக்கலாம். தமிழ்நாடு வீட்டு வசதி வாரியப் பொறியாளர் மகாதேவன் வழக்கில் 1990ஆம் ஆண்டு விவகாரத்துக்கு 2000இல் குறிப்பாணை கொடுத்தார்கள். தாமதத்துக்கு ஏற்கத்தக்க காரணம் இல்லை என்று 2005இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. உங்கள் கோப்பு காணாமல் போனது போன ஆண்டு. இந்த விலக்கு எதிலும் நீங்கள் வரவில்லை. இப்போது போனால், "விசாரணையை எதிர்கொள்ளுங்கள், ஆறு மாதத்துக்குள் முடிக்கத் துறைக்கு உத்தரவிடுகிறோம்" என்ற வகையில் ஓர் ஆணையோடு திரும்பி வருவீர்கள். வழக்கறிஞர் கட்டணம் போனதுதான் மிச்சம்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. நாளைக்குத் தண்டனை வந்து நீதிமன்றம் போனாலும், அங்கே நீதிபதி சாட்சிகளை மறுபடி விசாரிக்கப் போவதில்லை. 1995இல் பி.சி. சதுர்வேதி வழக்கிலும், அதற்குப் பிறகு குணசேகரன் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் எல்லையை வரைந்துவிட்டது. விசாரணை விதிப்படி நடந்ததா, முடிவுக்கு ஏதாவது ஆதாரம் இருக்கிறதா, தண்டனை மனசாட்சியை உலுக்கும் அளவுக்கு மிகையானதா என்பவற்றோடு நீதிமன்றம் நின்றுகொள்ளும். அந்த மூன்றுக்கும் விடை எங்கே இருக்கும்? இப்போது உங்கள் பெயரில் திறந்திருக்கும் ஒழுங்கு நடவடிக்கைக் கோப்பில்தான். அதில் உங்கள் பங்குக்கு என்ன சேர்கிறதோ அதை வைத்துத்தான் மேல்முறையீடும் வழக்கும் நடக்கும்.

இனி குறிப்பாணையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு குடிமைப் பணிகள் (ஒழுங்கு மற்றும் மேல்முறையீடு) விதிகளின்படி 17(ஏ) சிறு தண்டனைக்கு, 17(பி) பெருந்தண்டனைக்கு. பணியறவு (மீண்டும் அரசு வேலை கிடைக்காத வகை நீக்கம்), பணிநீக்கம், கட்டாய ஓய்வு, பதவியிறக்கம் எல்லாம் சாதாரணமாக 17(பி) வழியாகத்தான் வர முடியும். குறிப்பாணையோடு நான்கு இணைப்புகள் இருக்க வேண்டும்: குற்றச்சாட்டுகள், அவற்றுக்கான விவர அறிக்கை, ஆவணப் பட்டியல், சாட்சிப் பட்டியல். கடைசி இரண்டையும்தான் முதலில் படிக்க வேண்டும். பெரும்பாலானோர் குற்றச்சாட்டின் முதல் வரியிலேயே கொதித்துப்போய், பட்டியலைப் பார்ப்பதே இல்லை.

உங்கள் விஷயத்தில் அந்தப் பட்டியலில் என்ன இருக்கிறது என்பதைவிட என்ன இல்லை என்பது முக்கியம். ஒரு கோப்பு எந்த இருக்கையில் இருந்தது என்பதற்குச் சாட்சி தன்பதிவேடுதான். கோப்பு எந்த நாளில் வந்தது, யாருக்குச் சமர்ப்பிக்கப்பட்டது, எப்போது திரும்பியது என்பதெல்லாம் அதில் பத்தி பத்தியாக இருக்கும். அடுத்தது, நீங்கள் அந்த இருக்கைக்கு வந்தபோது முன்னவர் கையெழுத்திட்டுத் தந்த பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியல். இந்த இரண்டும் ஆவணப் பட்டியலில் இல்லை என்றால் துறையின் வழக்கில் பெரிய ஓட்டை இருக்கிறது. தன்பதிவேட்டில் அந்தக் கோப்பு துணை வட்டாட்சியருக்குச் சமர்ப்பிக்கப்பட்டதாகப் பதிவாகி, திரும்பி வந்ததற்கான பதிவு இல்லையென்றால், அது கடைசியாக யாருடைய மேசையில் இருந்தது? இந்தக் கேள்வியை இப்போதே விளக்கத்தில் கொட்டிவிட வேண்டாம். பதிவேட்டின் நகலைக் கேளுங்கள், போதும். குறுக்கு விசாரணையில் அலுவலகக் கண்காணிப்பாளரிடம் பக்க எண்ணைக் காட்டிக் கேட்கும்போது அதற்குப் பலம் அதிகம்.

ஆவணங்களைக் கேட்பது உங்கள் உரிமை. துறை சார்ந்திருக்கும் ஆவணங்களைத் தராமல் நடத்திய விசாரணை செல்லாது என்று சரோஜ்குமார் சின்கா வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. விசாரணை அலுவலர் துறையின் வக்கீல் போல நடந்துகொள்ளக் கூடாது, அவர் நடுநிலையான நீதிபதியைப் போன்றவர் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. ஆகவே 15 நாள் முடிவதற்குள் ஒரு கடிதம் கொடுங்கள். இன்னின்ன ஆவணங்கள் வேண்டும், அவை கிடைத்த நாளிலிருந்து விளக்கம் தர இவ்வளவு அவகாசம் வேண்டும் என்று எழுதி, அலுவலக முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவு வசதியோடு விரைவுத் தபாலில் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். மறுபக்கத்துக்கும் இதுவே பொருந்தும். குறிப்பாணையை வாங்க மறுப்பது வீரம் அல்ல. மறுத்தால் வீட்டுக் கதவில் ஒட்டி, உங்களிடம் சேர்ப்பிக்கப்பட்டதாக (சார்வு செய்யப்பட்டதாக) எழுதிவிட்டு, நீங்கள் இல்லாமலேயே நடத்திவிடுவார்கள்.

அலுவலகத்தில் யாராவது ஒருவர் உங்களை ஓரமாகக் கூப்பிட்டு, "ஒப்புக்கொண்டு ஒரு வரி எழுதிக் கொடுங்கள், ஐயாவிடம் சொல்லி லேசாக முடித்துவிடலாம்" என்பார். நல்லெண்ணத்திலேயே சொல்வார். அந்த ஒரு வரியை எழுதாதீர்கள். ஒப்புதல் வந்துவிட்டால் விசாரணை தேவையில்லை, தண்டனை மட்டும்தான் பாக்கி. அந்த ஐயா அடுத்த மாதம் மாறுதலில் போய்விடுவார், புதிதாக வருபவருக்கு நீங்கள் எழுதிக் கொடுத்தது மட்டும்தான் தெரியும். விளக்கத்தில் ஒவ்வொரு குற்றச்சாட்டையும் எண் போட்டுத் தனித்தனியாக மறுங்கள், வாய்மொழி விசாரணை வேண்டும் என்று வெளிப்படையாகக் கேளுங்கள். மேலதிகாரியின் குணநலன்களைப் பற்றிய பத்தியை எழுதி ஆற்றாமையைத் தீர்த்துக்கொண்டு, பிறகு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். உள்நோக்கம் இருந்தால் தேதி, கடித எண், சம்பவம் என்று ஆதாரத்தோடு எழுதலாம். வெறும் வசவு உங்களுக்கு எதிராகவே திரும்பும்.

விசாரணையில் இன்னொரு அரசு ஊழியரின் உதவியைக் கேட்டுப் பெறலாம். வழக்கறிஞரைச் சாதாரணமாக அனுமதிப்பதில்லை. ஒவ்வொரு நாள் நடவடிக்கைக் குறிப்பிலும் கையெழுத்திடும் முன் படித்துப் பாருங்கள், நகல் கேளுங்கள். துறை ஆவணங்களைப் பட்டியலில் சேர்த்துவிட்டாலே அவை நிரூபணமாகிவிட்டன என்று சில விசாரணை அலுவலர்கள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ரூப்சிங் நேகி வழக்கில் 2008இல் சொல்லப்பட்டது இதுதான்: ஆவணத்தைச் சாட்சி வந்து மெய்ப்பிக்க வேண்டும், காவல்துறை வாங்கிய வாக்குமூலத்தை நீட்டினால் போதாது. அதே சமயம், குற்ற வழக்கில் தேவைப்படும் அளவுக்கு இங்கே நிரூபணம் தேவையில்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்பதே அளவுகோல். காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறார்கள் என்றீர்கள். அந்த வழக்கில் விடுதலையானாலும் துறை விசாரணை தானாக விழுந்துவிடாது.

விசாரணை அறிக்கை வந்ததும் அதன் நகலை உங்களுக்குத் தந்து, உங்கள் கருத்தைக் கேட்ட பிறகுதான் தண்டனை விதிக்க முடியும். இது 1993இல் கருணாகர் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு வகுத்த விதி. அறிக்கை உங்களுக்குச் சாதகமாக வந்து, மேலதிகாரி அதை ஏற்க மறுக்கிறார் என்றால், எந்தக் காரணத்தால் மறுக்கிறார் என்பதைத் தற்காலிகக் கருத்தாக எழுதி உங்களிடம் தர வேண்டும், உங்கள் பதிலைக் கேட்க வேண்டும். குஞ்ச் பிகாரி மிஸ்ரா வழக்கு, 1998. தண்டனை ஆணைகள் நீதிமன்றத்தில் சரிவது பெரும்பாலும் இந்த இரண்டு படிகளில் ஒன்று தவறியதால்தான். ஆனால் அப்படிச் சரிந்தாலும் பெரும்பாலும் "விட்ட இடத்திலிருந்து மறுபடி நடத்துங்கள்" என்றுதான் ஆணை வரும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

அரசியலமைப்பின் 311ஆவது பிரிவைப் பற்றி நண்பர்கள் நிறையச் சொல்லியிருப்பார்கள். அதன் பாதுகாப்பு பணியறவு, பணிநீக்கம், பதவியிறக்கம் மூன்றுக்கு மட்டுமே. நியமித்தவருக்குக் கீழான அதிகாரி உங்களைப் பணிநீக்கம் செய்ய முடியாது என்பது அதன் முதல் பகுதி. குறிப்பாணை கொடுத்து விசாரணையைத் தொடங்குபவரும் நியமன அலுவலராகவே இருக்க வேண்டும் என்று அதற்குப் பொருளில்லை. இந்த ஒரு வாதத்தை நம்பி வழக்குப் போட்டுத் தோற்றவர்கள் ஏராளம்.

அடுத்து, தற்காலிகப் பணிநீக்கம். இதுவும் தண்டனை அல்ல என்பார்கள். வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் தெரியும் அது தண்டனையா இல்லையா என்று. 2015இல் அஜய்குமார் சவுத்ரி வழக்கில், மூன்று மாதத்துக்குள் குற்றச்சாட்டு தராவிட்டால் தற்காலிகப் பணிநீக்கம் நீடிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இதைக் காட்டித் தமிழ்நாட்டில் நிறையப் பேர் பணிக்குத் திரும்பினார்கள். ஆனால் 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, மூன்று மாதம் ஆனதும் ஆணை தானாகவே காலாவதியாகிவிடாது, ஒவ்வொரு வழக்கின் தன்மையையும் பார்க்க வேண்டும் என்று தெளிவுபடுத்தியது. ஆகவே "நான்காம் மாதம் ஆகிவிட்டது, என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று மட்டும் எழுதினால் போதாது. நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பு. தமிழ்நாட்டுக் காவல்துறை அதிகாரி பிரமோத் குமார் வழக்கில், நீண்ட நாள் தற்காலிகப் பணிநீக்கத்தில் வைத்திருப்பதால் பயனில்லை, முக்கியத்துவம் இல்லாத பணியிடம் ஒன்றில் அமர்த்தலாம் என்ற வழியை உச்ச நீதிமன்றம் காட்டியது. உங்கள் மனுவிலும் அதையே கேளுங்கள்: ஆவணங்கள் எல்லாம் துறையின் பொறுப்பில் இருக்கின்றன, நான் கலைக்க எதுவும் இல்லை, வேறு வட்டத்தில் பணியிடம் தாருங்கள். விதி 17(இ)யின்படி ஆணையிட்டவரோ அவருக்கு மேலானவரோ எப்போது வேண்டுமானாலும் அதை ரத்து செய்ய முடியும். இந்த மனுவுக்குப் பதில் வராவிட்டால், அப்போது உயர் நீதிமன்றம் போவதில் பொருள் இருக்கிறது. இப்போதைக்கு வழக்கு என்று ஒன்று போட விரும்பினால் இதற்குப் போடுங்கள்.

பிழைப்பூதியம், அதாவது தற்காலிகப் பணிநீக்கக் காலத்தில் தரும் குறைந்த தொகை, வருகிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. வேறு எங்கும் வேலை பார்க்கவில்லை என்ற சான்றை மாதாமாதம் கொடுத்துவிடுங்கள். அது இல்லாததைக் காரணம் காட்டித்தான் நிறுத்துவார்கள். பிழைப்பூதியம் தராததால் விசாரணைக்கு வர முடியாமல் போனவரின் பணிநீக்கத்தை பால் அந்தோணி வழக்கில் 1999இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. வரவில்லை என்றால் அதையும் எழுத்தில் பதிவு செய்யுங்கள்.

பதவி உயர்வு விஷயத்தில் உங்களுக்குப் பிடிக்காத பதிலைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. 1991ஆம் ஆண்டு ஜானகிராமன் தீர்ப்பின்படி, வெறும் முதல்கட்ட விசாரணையையோ புகாரையோ காட்டிப் பதவி உயர்வைத் தடுக்க முடியாது. ஆனால் தற்காலிகப் பணிநீக்கத்தில் இருந்தால், அல்லது குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்துவிட்டிருந்தால், ஒத்திவைக்கலாம். பட்டியல் தயாரித்த நாளில் நீங்கள் தற்காலிகப் பணிநீக்கத்தில் இருந்தீர்கள். எனவே பெயரை ஒத்திவைத்தது விதிப்படி சரி. அது மறுப்பு அல்ல, ஒத்திவைப்பு. குற்றச்சாட்டுகளிலிருந்து முழுமையாக விடுவிக்கப்பட்டால், உங்கள் இளையவர் உயர்ந்த நாளிலிருந்தே உங்கள் இடத்தைக் கேட்க முடியும். அந்தப் பட்டியலின் நகலையும் இளையவர் பதவியேற்ற ஆணையையும் இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தண்டனை வந்துவிட்டால்? ஆணையின் கடைசிப் பத்தியைப் பாருங்கள். யாரிடம் மேல்முறையீடு, எத்தனை நாளுக்குள் என்று இருக்கும். தமிழ்நாட்டு விதிகளில் இரண்டு மாதம், மத்திய அரசு ஊழியர்களுக்கு 45 நாள். மேல்முறையீட்டை முறையான வழியில், அதாவது உங்கள் அலுவலகம் மூலமாக அனுப்புங்கள், முன்நகல் ஒன்றை மேல்முறையீட்டு அதிகாரிக்கு நேரடியாக அனுப்புங்கள். குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்பட்டதா, அதற்குத் தண்டனை பொருந்துமா, மிகையா என்பதை அவர் ஆராய்ந்து காரணத்தோடு ஆணையிட வேண்டும் என்று விதி 23 சொல்கிறது. "மேல்முறையீட்டைப் பரிசீலித்ததில் ஏற்பதற்கில்லை" என்ற ஒற்றை வரி ஆணை வந்தால் வருத்தப்பட வேண்டாம், நீதிமன்றத்தில் மிக எளிதாக விழும் ஆணை அதுதான். இன்னொன்றையும் கவனியுங்கள். ஊதிய உயர்வு நிறுத்தம் தொடர் விளைவோடு, அதாவது பிற்கால ஊதியத்தையும் குறைக்கும்படி, விதிக்கப்பட்டால் அது பெருந்தண்டனை என்று குல்வந்த் சிங் கில் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 17(ஏ) கொடுத்துவிட்டு, சாட்சி விசாரணை இல்லாமல் இதை விதிக்கும் அலுவலகங்கள் இன்னும் இருக்கின்றன.

அதன் பிறகுதான் ரிட் மனு. 1988 முதல் பல ஆண்டுகள் இதற்கென்று தமிழ்நாடு நிர்வாகத் தீர்ப்பாயம் இருந்தது. அது கலைக்கப்பட்டதால் மாநில அரசு ஊழியர்கள் இப்போது நேராக உயர் நீதிமன்றம்தான் போக வேண்டும். கரூர், திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டையிலிருந்து தெற்கே குமரி வரை மதுரைக் கிளை, மற்றவை சென்னை. தனி நீதிபதியின் தீர்ப்பு பாதகமானால் 30 நாளுக்குள் இரு நீதிபதிகள் அமர்வில் ரிட் மேல்முறையீடு. மத்திய அரசு ஊழியரென்றால் 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம். துறைக்குள் உள்ள மேல்முறையீட்டை முதலில் முடிக்க வேண்டும், ஆறு மாதமாகியும் பதில் இல்லை என்றால் போகலாம். இறுதி ஆணையிலிருந்து ஓராண்டுதான் கெடு. 1997இன் சந்திரகுமார் தீர்ப்புக்குப் பிறகு தீர்ப்பாய ஆணையை எதிர்த்து உயர் நீதிமன்ற இரு நீதிபதிகள் அமர்வுக்கும் போக முடியும். போக்குவரத்துக் கழகத் தொழிலாளர்களின் பாதை முற்றிலும் வேறு, அது தொழிலாளர் நீதிமன்றத்தின் வழியே செல்வது.

ரிட் மனுவுக்குச் சட்டத்தில் கெடு தேதி இல்லை என்று சொல்லி நாளைக் கடத்துபவர்கள் உண்டு. மனுவுக்கு மேல் மனு, நினைவூட்டலுக்கு மேல் நினைவூட்டல் என்று அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். தமிழ்நாட்டிலிருந்து போன சி. ஜேக்கப் வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் இதைக் கடுமையாகச் சாடியது. செத்துப்போன கோரிக்கைக்குப் புதிய மனு உயிர் கொடுக்காது. மேல்முறையீடு நிராகரிக்கப்பட்டால் சில மாதங்களுக்குள் போய்விடுங்கள்.

சங்கம் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சங்கத்தில் அனுபவம் உள்ள உதவியாளர் கிடைப்பார், முன்மாதிரி ஆணைகள் கிடைக்கும், அதைப் பயன்படுத்துங்கள். ஆனால் அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை கிடையாது என்று 2003 வேலைநிறுத்தத்தை ஒட்டி வந்த ரங்கராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்களுக்காக யாராவது பணியைப் புறக்கணித்தால் அது உங்கள் கோப்பில் ஒரு வரியைக்கூடச் சேர்க்காது.

கடைசியாக, வென்ற பிறகு நடக்க வேண்டியவை. தீர்ப்பின் சான்றிட்ட நகலோடு உடனே மனு கொடுங்கள். நிறைவேற்றாவிட்டால் அவமதிப்பு மனுவுக்கு ஓராண்டு கெடு இருக்கிறது. பணியில் சேர்ந்தால் போதும் என்று இருந்துவிடக் கூடாது. தற்காலிகப் பணிநீக்கத்தில் இருந்த காலத்தைப் பணிக்காலமாகக் கருதித் தனி ஆணை வர வேண்டும், முழு ஊதியத்துக்கும் பிழைப்பூதியத்துக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஆணையில் தீர வேண்டும். அந்த ஆணையின் எண்ணும் நாளும் உங்கள் பணிப்பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று நீங்களே பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். ஏறாமல் விட்டால், ஓய்வூதியக் கணக்கு போடும் நாளில் மாநிலக் கணக்காயர் அலுவலகத்திலிருந்து அந்த இடைவெளியைக் கேட்டுத் தாள் திரும்பி வரும்.